தையல் பிரித்த தீர்மானம்

டெய்லரம்மா கொண்டுவந்த தீர்மானம் இரண்டாவது தடவையும் மண்ணைக் கவ்வியது. ஆதரவாக ஒன்பது கை, எதிராகப் பத்து. எந்தக் கட்சியிலும் சேராத இரண்டு பேரில் ஒருவர் தூங்கிக்கொண்டிருந்தார். இன்னொருவர் தூங்குவதுபோல் நடித்துக்கொண்டிருந்தார். நகராட்சி மன்றத்தின் விதிப் புத்தகத்தில் ஒரு பொல்லாத விதி உண்டு. ஒரே விஷயம் மூன்று தடவை தோற்றால், அந்த மன்றத்தின் காலம் முடியும்வரை அதை யாரும் மறுபடி எடுக்கக் கூடாது. அதாவது இன்னும் மூன்று வருஷம். அடுத்த கூட்டத்துக்குப் பதினெட்டு நாள் இருந்தது.

அப்படி என்ன உலகத்தைப் புரட்டிப்போடும் தீர்மானம் என்று கேட்கிறீர்களா? ஒரு சாவி. அவ்வளவுதான்.

தெருவுக்குத் தெரு, தரைக்கடியில் தீயணைப்புக்கென்றே தடிமனான தண்ணீர்க் குழாய் பதித்திருக்கிறார்கள். மேலே ஒரு இரும்பு மூடி. அதைத் திறக்க ஆள் இடுப்பு உயரத்துக்கு ஒரு சாவி வேண்டும். நெருப்பை அணைக்கிறவர்கள் தீயணைப்பு நிலையத்தில் இருக்கிறார்கள். சாவி எங்கே இருக்கிறது? நாலு தெரு தள்ளி, குடிநீர் அலுவலகத்தில், கண்ணாடிக் கதவு போட்ட அலமாரியில், பத்திரமாகப் பூட்டி. அலமாரியைத் திறக்க அலுவலர் கையெழுத்துப் போட வேண்டும். அலுவலர் சாப்பிடப் போயிருந்தால் அவர் வாய் கழுவி வரும்வரை நெருப்பு காத்திருக்க வேண்டும். விடுமுறை நாள் என்றால் அவர் வீட்டுக்கு ஆள் ஓட வேண்டும். எந்தக் காலத்திலோ ஒரு தீயணைப்பு வீரன் தன் மச்சான் கல்யாணத்துக்குத் தெருக்குழாயைத் திறந்துவிட்டு வந்த விருந்தாளிகளையெல்லாம் குளிக்க வைத்தானாம். அன்றைக்குப் போட்ட பூட்டு. அந்த மச்சானுக்குப் பேரன் பிறந்து, அவனுக்கும் கல்யாணம் ஆகிவிட்டது. பூட்டு மட்டும் அப்படியே தொங்குகிறது.

போன வருஷம் மரக்கடை பற்றிக்கொண்டது. தீயணைப்பு வண்டி ஆறே நிமிஷத்தில் போய் நின்றது. வண்டித் தொட்டியில் இருக்கும் தண்ணீர் ஐந்தாறு நிமிஷத்துக்குத்தான் தாங்கும். அதற்குள் தெருக்குழாயில் இணைத்துவிட வேண்டும். ஹோஸைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனது டெய்லரம்மாவின் கூடப் பிறந்த தம்பி. உள்ளே இரண்டு தச்சர்கள் மாட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவரை வெளியே தள்ளிவிட்டு அடுத்தவரைத் தேடும்போது, கையிலிருந்த ஹோஸ் துவண்டுபோனது. தண்ணீர் தீர்ந்துவிட்டது. சாவி வந்து சேர்ந்தபோது முப்பத்தெட்டு நிமிஷம் ஆகியிருந்தது. இரண்டாவது தச்சரையும் அவன் இழுத்துக்கொண்டு வந்துவிட்டான். ஆனால் இடது கையைக் கொடுத்துத்தான் இழுத்துக்கொண்டு வந்தான். மூன்று மாதம் ஆஸ்பத்திரிப் படுக்கை. சுண்டுவிரலும் மோதிரவிரலும் ஒன்றோடொன்று ஒட்டிப்போய், சட்டைக்குப் பொத்தான் போடக்கூட இப்போது பெண்டாட்டி வர வேண்டும். அந்தக் கையை வைத்துக்கொண்டு மறுபடி அதே வண்டியில், அதே வேலைக்கு ஏறிவிட்டான் பாவி. டெய்லரம்மா எவ்வளவோ சொல்லிப் பார்த்தாள். காதில் போட்டுக்கொண்டால்தானே?

அந்தத் தீயைப் பற்றி மூன்று அறிக்கைகள் வந்தன. நகராட்சி ஆணையர் ஒன்று எழுதினார். வெளியூரிலிருந்து வந்த நிபுணர்கள் ஒன்று எழுதினார்கள். ஓய்வுபெற்ற நீதிபதி ஒருவர் நானூறு பக்கத்துக்கு ஒன்று எழுதினார். மூன்றும் ஒரே மாதிரி ஆரம்பித்தன: குடிநீர்த் துறையின் தாமதத்தினால். மூன்றும் ஒரே மாதிரி முடிந்தன: சாவியைத் தீயணைப்பு நிலையத்தில் வைக்க வேண்டும். படித்த எல்லோரும் தலையாட்டினார்கள். சாவி மட்டும் அலமாரியில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

டெய்லரம்மா மூன்றையும் வாங்கி வந்து, தையல் மிஷின் மேல் வைத்து, ஒரு வரி விடாமல் படித்தாள். படித்து முடித்துவிட்டு, "எழுதறவங்க கையில ஒண்ணும் இல்ல. கை தூக்கறவங்க கையிலதான் எல்லாம் இருக்கு" என்று சொல்லிவிட்டு, அந்த வருஷமே வார்டுக்கு வந்த கவுன்சிலர் இடைத்தேர்தலில் நின்றாள். நாற்பத்தாறு வயது. இரண்டு மிஷின் போட்ட வாடகைக் கடை. வார்டில் பாதிப் பேர் அவள் தைத்த துணியைப் போட்டுக்கொண்டுதான் ஓட்டுப்போட வந்தார்கள். ஜெயித்துவிட்டாள்.

ஜெயித்து என்ன? இரண்டு தடவை கொண்டுவந்தாயிற்று, இரண்டு தடவையும் தோற்றாயிற்று.

அன்றைக்குக் கூட்டம் முடிந்து வராந்தாவில் வரும்போது அவளைப்போலவே கவுன்சிலரான கட்சிச் செயலாளர் கூடவே வந்தார். தோற்ற கட்சிக்காரர் முகம் எப்படி இருக்க வேண்டும்? இவர் முகம் மாப்பிள்ளை வீட்டுக்காரர் முகம்போல இருந்தது.

"விடு தங்கச்சி. தோத்ததும் நல்லதுக்குத்தான்."

"இதுல என்னண்ணே நல்லது?"

"மூணாவது தடவையும் கொண்டுவா. மூணாவதும் தோக்கட்டும். சாவியக்கூட விடாத கட்சின்னு ஊர் முழுக்க அவங்கள நாறடிச்சிடலாம். நம்ம கையில இருக்கறதே இந்த ஒரு நெருப்புதான். அதையும் நீ அணைச்சிட்டா, தேர்தலுக்கு நாம எதப் பத்த வைக்கறது?"

"உள்ள போறது என் தம்பிண்ணே."

"அதத்தானே நானும் சொல்றேன்! மேடையில அந்தக் கையத் தூக்கிக் காட்டினாப் போதும். ஆயிரம் ஓட்டு."

அவளுக்கு ஆத்திரம் பற்றி எரிந்தது. அந்த ஆள் கெட்டவர்கூட இல்லை. தம்பி ஆஸ்பத்திரியில் கிடந்தபோது தினமும் வந்து பார்த்தவர். அதனால்தான் இன்னும் எரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு, "யோசிக்கறேண்ணே" என்று மட்டும் சொல்லிவிட்டுக் கடைக்கு நடந்தாள்.

மறுநாள் காலையில் கடைக்கு ஹெட்மாஸ்டர் வந்தார்.

ஹெட்மாஸ்டர் என்றால் இப்போது ஹெட்மாஸ்டர் இல்லை. முப்பத்துநாலு வருஷம் பள்ளிக்கூடத்தில் அடுத்தவர் தப்பைச் சிவப்பு மையால் சுழித்துவிட்டு ஓய்வுபெற்று, இப்போது கவுன்சிலராகி, மன்றத்தின் குடிநீர்க் குழுவுக்குத் தலைவராக இருக்கிறார். எதிர்க்கட்சியின் பத்து கையும் அவர் கண்ணசைவில்தான் ஏறும், இறங்கும். டெய்லரம்மாவின் தீர்மானத்தை இரண்டு தடவை கவிழ்த்தவர் சாட்சாத் அவரேதான். ஆனால் சட்டைக் காலரை நேராகத் தைக்க அந்த ஊரில் வேறு ஆள் இல்லை. கட்சி எல்லாம் கடை வாசலோடு சரி.

"ரெண்டு சட்டை, ஒரு பேண்ட்டு" என்று கையை விரித்துக்கொண்டு நின்றார். டெய்லரம்மா நாடாவை எடுத்தாள். தோள், மார்பு, கை நீளம். கழுத்தைச் சுற்றி நாடா போட்டபோது, இப்படியே கொஞ்சம் இறுக்கினால் என்ன என்று ஒரு கணம் தோன்றத்தான் தோன்றியது. சொல்லிவிட்டேன், தப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

"மூணாவது தடவையும் கொண்டுவரப் போறியாம்மா?"

"கொண்டுவருவேங்கய்யா."

"மூணாவதும் விழும்."

"சாவி நிலையத்துல இருந்தா உங்களுக்கு என்னங்கய்யா நஷ்டம்?"

"எனக்கென்ன நஷ்டம்? எங்க வேணா இருக்கட்டும். எங்க ஆபீசர்களுக்கே அத வெச்சுக் காவல் காக்கறது பெரிய தலைவலி." விரித்த கையை மடக்காமலே பேசினார். "ஆனா நீ என்ன எழுதியிருக்க? முதல் வரியிலேயே குடிநீர்த் துறையோட தாமதத்தினாலன்னு எழுதியிருக்க. அப்புறம் முப்பத்தெட்டு நிமிஷம்னு எழுதியிருக்க. அதுக்கப்புறம்தான் சாவி. அந்தக் காகிதத்துக்கு நான் கை தூக்கணும்! நான் என்ன கிறுக்கனா? என் ஆபீஸ்ல அறுபது பேர் வேல செய்யறான். நாளைக்கு அவன் மூஞ்சியில நான் எப்படி முழிப்பேன்?"

டெய்லரம்மா இடுப்பைச் சுற்றி நாடாவைப் போட்டாள். போன வருஷம் முப்பத்தெட்டு. இப்போது நாற்பத்தொன்று.

இங்கே தையல்கடைச் சங்கதி ஒன்றைச் சொல்ல வேண்டும். டெய்லரம்மா எந்த வாடிக்கையாளரிடமும் இடுப்பளவை வாய்விட்டுச் சொன்னதே கிடையாது. சொன்னால் என்ன ஆகும்? "இல்லியே, நான் அப்படியேதானே இருக்கேன், உன் நாடா சரியில்ல" என்று ஆரம்பிப்பார்கள். வயிற்றை எக்கிக்கொண்டு மறுபடி அளக்கச் சொல்வார்கள். பழைய அளவிலேயே தைக்கச் சொல்லி அடம்பிடித்து, மூச்சு முட்டி, பேண்ட்டைத் தூக்கிக்கொண்டு திரும்பி வருவார்கள். அதனால் அவள் நோட்டில் பேசாமல் குறித்துக்கொண்டு, பேசாமல் அகலமாக வெட்டுவாள். போட்டுப் பார்ப்பவர், "உன் தையல் மட்டும்தாம்மா எனக்குன்னே பொறந்த மாதிரி பொருந்துது" என்பார். யாருக்கு என்ன கெட்டுப்போயிற்று? மனுஷன் நிம்மதியாக மூச்சு விடுகிறான்.

"போன தடவ அளவுதானே?" என்று கேட்டார் ஹெட்மாஸ்டர்.

"அதேதாங்கய்யா" என்றாள், நாற்பத்தொன்று என்று எழுதிக்கொண்டே.

எழுதிய கை அப்படியே நின்றது. முப்பத்தெட்டு, நாற்பத்தொன்று என்ற இரண்டு எண்ணையும் பார்த்துக்கொண்டே நின்றாள். அடக் கடவுளே! பதினெட்டு வருஷமாகக் கடையில் செய்வதை மன்றத்தில் செய்யத் தோன்றவில்லையே தனக்கு! மூன்று அறிக்கைக்காரர்களும் நாடாவை நீட்டி, ஊர் பார்க்க இடுப்பளவைக் கத்திவிட்டு, அப்புறம் பேண்ட்டைப் போட்டுக்கொள் என்றார்கள். அவளும் அதே அறிக்கையைப் பார்த்து அதே வரியைத்தான் எழுதினாள்.

ஹெட்மாஸ்டர் போனதும் தீர்மானத்தை எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்தாள். மேலே இரண்டு பத்தி: தாமதம், மரக்கடை, முப்பத்தெட்டு நிமிஷம், படுகாயமடைந்த தீயணைப்பு வீரர். கீழே ஒரு பத்தி: சாவி. பேனாவை எடுத்து மேலே இருந்த இரண்டு பத்தியையும் அடித்தாள். தையல் பிரிப்பது அவளுக்குப் புதிதில்லை. ஆனால் இந்தத் தையலைப் பிரிக்க அரை நாள் ஆயிற்று.

அன்று சாயங்காலம் தம்பி சீருடைச் சட்டையை வாங்கிப் போக வந்தான். மிஷின் மேல் கிடந்த காகிதத்தை எடுத்துப் படித்தான்.

"மேல ரெண்டு பத்தியக் காணோமே?"

"எடுத்துட்டேன்டா."

"மரக்கடை?"

"அதையும்தான்."

"என் கை?"

டெய்லரம்மா தலையைக் குனிந்துகொண்டாள். தம்பி காகிதத்தை வைத்துவிட்டு ஸ்டூலில் உட்கார்ந்தான். சத்தம் போடுவான் என்று நினைத்தாள். போடவில்லை. அதுதான் தாங்க முடியவில்லை.

"எனக்கு வெறும் சாவி மட்டும் வேணாம்க்கா. அந்த ஆபீஸ்லேருந்து யாராவது ஒருத்தன் எழுந்து நின்னு, தப்பு எங்களுதுதான்னு சொல்லணும். மன்றத்துப் புத்தகத்துல அது எழுதியிருக்கணும். நான் அதத்தான் கேட்டேன்."

"ரெண்டையும் சேத்துத்தான்டா கேட்டேன். ரெண்டு தடவ கேட்டேன். ரெண்டுமே கெடைக்கல."

"மூணாவது தடவையும் கேளு."

"தோத்தா மூணு வருஷம்டா. அந்த மூணு வருஷத்துல நீ எத்தன தடவ உள்ள போவ? அத மட்டும் சொல்லு எனக்கு."

அவன் எழுந்து சட்டையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டான். "நீ அரசியல்வாதியாவே ஆயிட்டக்கா" என்றான், ஏதோ கெட்ட வார்த்தையைச் சொல்வதுபோல.

"ஆமாண்டா, ஆயிட்டேன்! அதுக்குத்தானே ஓட்டுப் போட்ட?" என்று அவளும் ஒரே போடாகப் போட்டாள். அவன் படியிறங்கிப் போன பிறகு, அழுகையை அடக்க முடியாமல் வெட்டிய துணியில் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். யாருக்காக இவ்வளவும் செய்கிறாளோ அவனே திட்டிவிட்டுப் போகிறான். சரி, போகட்டும். திட்டுவதற்கு ஆள் உயிரோடு இருந்தால் போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

இரண்டு நாள் கழித்து, தைத்த துணியைக் கொடுக்கும் சாக்கில் ஹெட்மாஸ்டர் வீட்டுக்குப் போனாள். முன்னறையில் சுவர் முழுக்கப் பாராட்டுப் பத்திரம். மேஜைமேல் சிவப்புப் பேனா, மூடி திறந்தபடி. தீர்மானத்தை நீட்டினாள். அவர் பேனாவை எடுத்துக்கொண்டுதான் படிக்க ஆரம்பித்தார். கடைசிவரை படித்தும் பேனாவுக்கு வேலை வரவில்லை.

"தாமதத்தக் காணோமே?"

"எதுக்குங்கய்யா அது?"

அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றிவிட்டு அவளைப் பார்த்தார். "இதுல உனக்கு என்ன லாபம்?"

"நீங்களே கொண்டுவாங்க. உங்க பேர்லயே வரட்டும். நான் பின்னாடி கை தூக்கறேன்."

மனுஷர் அசந்துபோனார். நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்து, காகிதத்தை இன்னொரு தடவை படித்தார். அந்த முகத்தில் ஒரு ஆசை எட்டிப் பார்த்ததை டெய்லரம்மா கவனித்தாள். இதற்காகத்தான் அவள் காத்திருந்தாள்.

"ஒண்ணே ஒண்ணுதாங்கய்யா யோசனையா இருக்கு. வெறும் சாவிய மட்டும் தூக்கிக் குடுத்துட்டா, நாளைக்கு எவனாவது மச்சான் கல்யாணத்துக்குத் தொறந்துவிட்டான்னா உங்க பேர்தானே கெடும்? அதுவும் இல்லாம, ரோடு போட்டவங்க மூடிங்கள்ல பாதிய தார் ஊத்தி மறைச்சிட்டாங்க. சாவி இருந்தும் மூடியக் காணோம்னா ஊர் உங்களத்தானே சிரிக்கும்?"

"என் பேர்ல வர்றது அரைகுறையா வரக் கூடாது" என்றார் ஹெட்மாஸ்டர். அவ்வளவுதான், சிவப்புப் பேனா ஓட ஆரம்பித்தது. நிலையத்தில் ஒவ்வொரு ஷிஃப்டிலும் குடிநீர்த் துறையிலிருந்து வால்வு திறக்கத் தெரிந்த ஒரு ஆள் இருக்க வேண்டும். எந்தத் தெருவில் எங்கே மூடி என்கிற வரைபடம் இரண்டு அலுவலகத்திலும் மாட்டியிருக்க வேண்டும். மாதம் ஒரு தடவை எல்லா மூடியையும் திறந்து பார்க்க வேண்டும். இரண்டு துறை அதிகாரிகளும் ஒரே மேஜையில் உட்கார்ந்து கையெழுத்துப் போட்டு மன்றத்துக்கு அறிக்கை கொடுக்க வேண்டும். அந்த இரண்டு துறையும் ஒரே அறையில் உட்கார்ந்தே இருபது வருஷம் ஆகியிருந்தது! நானூறு பக்கம் எழுதிய நீதிபதி சொல்லத் துணியாததையெல்லாம் ஹெட்மாஸ்டர் கால் மணி நேரத்தில் எழுதித் தள்ளினார். டெய்லரம்மாவுக்கு உச்சி குளிர்ந்துபோனது. முகத்தில் மட்டும் காட்டிக்கொள்ளவில்லை.

வாசல்வரை வந்து வழியனுப்பியவர், குரலைத் தாழ்த்திச் சொன்னார்: "ஒரு விஷயம்மா. அந்த முதல் வரி எந்த ரூபத்துலயும் திரும்பி வரக் கூடாது. வந்துச்சுன்னா எங்க பத்து கையும் எறங்கிடும். அப்புறம் என்னால ஒண்ணும் செய்ய முடியாது."

"வராதுங்கய்யா. அது என் பொறுப்பு."

வாக்குக் கொடுத்துவிட்டாள். எதற்குக் கொடுத்தாள் என்பது பதினெட்டாம் நாள்தான் தெரிந்தது.

மன்றக் கூடத்தில் லாட வடிவத்தில் மேஜைகள். நடுவே மன்றத் தலைவர் நாற்காலி. அதில் உட்கார்ந்திருப்பவர் டெய்லரம்மாவின் கட்சிக்காரர், செயலாளருக்குச் சம்பந்தி வேறு. மற்ற இருபத்தொரு பேரில் விழுகிற ஓட்டு இரண்டு பக்கமும் சமமாக நின்றால் மட்டும் அவர் கை தூக்குவார். பின்னால் பொதுமக்களுக்குப் போட்ட பெஞ்சில், சீருடையோடு தம்பி உட்கார்ந்திருந்தான். கூப்பிடவில்லை, அவனாகத்தான் வந்திருந்தான். இடது கையை வலது கக்கத்தில் ஒளித்து வைத்திருந்தான்.

ஹெட்மாஸ்டர் எழுந்து, கீச்சிட்ட மைக்கைத் தட்டி அடக்கிவிட்டு, பாடம் நடத்துகிற குரலில் தீர்மானத்தைப் படித்தார். புதுச் சட்டை, புது பேண்ட்டு. மூச்சு முட்டாமல் படித்தார். கூடமே கை தட்டியது. செயலாளர் முகத்தில் ஈயாடவில்லை. டெய்லரம்மாவைத் திரும்பி ஒரு பார்வை பார்த்தார். அப்புறம் மெல்ல எழுந்தார்.

"அருமையான தீர்மானம். நாங்க முழு மனசா ஆதரிக்கறோம். ஒரே ஒரு சின்னத் திருத்தம். முதல் வரியா இத மட்டும் சேத்துக்கணும்: குடிநீர்த் துறையின் முப்பத்தெட்டு நிமிஷத் தாமதத்தினால், மரக்கடைத் தீயில் படுகாயமடைந்த தீயணைப்பு வீரரின் தியாகத்தை நினைவுகூர்ந்து. அந்த வீரர் இதோ, இங்கயேதான் உக்காந்திருக்கார். அவரப் பாத்து வேணாம்னு யாராவது கை தூக்குவீங்களா?"

எல்லாத் தலையும் திரும்பியது. தம்பி தரையைப் பார்த்தான்.

திருத்தத்துக்கு ஓட்டு எடுத்தார்கள். செயலாளர் கட்சியில் எட்டு கை எழுந்தது. தூங்குகிறவரும் தூங்குவதுபோல் நடிக்கிறவரும் அன்றைக்கென்று விழித்திருந்தார்கள், இரண்டு கை. மொத்தம் பத்து. ஹெட்மாஸ்டர் பக்கத்தில் பத்து பேரும் எதிர்ப்பார்கள், அதில் சந்தேகமில்லை. மிச்சம் டெய்லரம்மா. அவள் சும்மா உட்கார்ந்திருந்தாலே போதும்: பத்துக்குப் பத்து, தலைவர் கை ஏறும், வரி உள்ளே வரும், ஹெட்மாஸ்டரின் பத்து கையும் இறங்கும். அப்புறம் கட்சியில் பாதிப் பேர் ஏதோ சாக்குச் சொல்லி வெளியே நழுவுவார்கள். அவர்களுக்கு நெருப்பு அல்லவா வேண்டும்? மூன்றாவது தோல்வி. மூன்று வருஷம்.

அந்த வரி பொய்யா? ஒரு எழுத்துகூடப் பொய் இல்லை. அவளே இரண்டு தடவை தன் கையால் எழுதிய வரி. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரித்த அன்று, அந்த விரல்களைப் பார்த்துவிட்டு வராந்தாவில் போய்க் குமுறிக் குமுறி அழுதவள் எழுதிய வரி.

"திருத்தத்த எதிர்க்கறவங்க?"

ஹெட்மாஸ்டர் பக்கம் பத்து கை. டெய்லரம்மா பின்னால் திரும்பித் தம்பியைப் பார்த்தாள். அவனும் பார்த்தான். பார்த்துக்கொண்டே அவள் கையைத் தூக்கினாள். நன்றாக, காது உரச, எல்லோரும் பார்க்கும்படி தூக்கினாள்.

பதினொன்று.

கூடத்தில் ஒரே கூச்சல். "கூடப் பொறந்தவனுக்கே துரோகம் பண்றியேம்மா!" என்று யாரோ கத்தினார்கள். அவள் கையை இறக்கவில்லை. எழுத்தர் இரண்டு தடவை எண்ணி எழுதி முடிக்கும்வரை தூக்கியே வைத்திருந்தாள். அப்புறம் மூலத் தீர்மானம் ஓட்டுக்கு வந்தது. இவ்வளவு ஜனம் பார்க்கும்போது நெருப்புக்குத் தண்ணீர் வேண்டாம் என்று யார் சொல்வார்கள்? ஒவ்வொன்றாக எழுந்து இருபது கை ஆயிற்று. கடைசியில், மென்று விழுங்கிக்கொண்டு, செயலாளரின் கையும் எழுந்தது.

டெய்லரம்மா திரும்பிப் பார்த்தபோது பெஞ்சில் தம்பி இல்லை.

வராந்தாவில் செயலாளர் வழி மறித்தார். "அடுத்த தேர்தல்ல உனக்கு இடம் கெடையாது தங்கச்சி. இப்பவே சொல்லிட்டேன்."

"அதுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குண்ணே. அதுக்குள்ள இந்த ஊர்ல இன்னும் எத்தன அலமாரி பூட்டியிருக்குன்னு பாத்துடறேன்" என்றாள். குரல் கொஞ்சமும் பிசிறவில்லை. அவர்தான் தலையைச் சொறிந்துகொண்டு நின்றார்.

சாவி மறுநாள் காலையிலேயே நகர்ந்தது. ஹெட்மாஸ்டர் தானே சுமந்து கொண்டுபோய் நிலையத்தில் வைத்தார். பத்திரிகையில் படம் வந்தது. தார் பூசி மூடியிருந்த முப்பத்தோரு மூடிகளைத் தோண்டி எடுத்தார்கள். இரண்டு துறை அதிகாரிகளும் ஒரு மேஜையில் உட்கார்ந்தார்கள். முதல் நாள் ஒருவரை ஒருவர் பார்க்காமல் சுவரைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்தார்களாம். இரண்டாம் நாள் டீ வந்ததும் பேச்சும் வந்ததாம். ஊரில் யாரைக் கேட்டாலும், "ஹெட்மாஸ்டர் கொண்டுவந்த திட்டம்" என்றார்கள். டெய்லரம்மா, "ஆமா, நல்ல திட்டம்" என்றாள்.

தம்பி மட்டும் பேசவில்லை. அவன் பெண்டாட்டி வந்து துணி கொடுத்துவிட்டுப் போனாள், வாங்கிப் போனாள். இருபத்துமூன்று நாள். தெருவில் எதிரே பார்த்தால் அடுத்த பக்கம் போனான். "போடா போ" என்று வாய் சொல்லிக்கொண்டது. மனசு கிடந்து தவித்தது.

இருபத்துநாலாம் நாள் மத்தியானம், கடை வாசலைத் தாண்டித் தீயணைப்பு வண்டி அலறிக்கொண்டு போனது. பஸ் நிலையத்துக்குப் பின்னால் அச்சகம் எரிகிறது என்றார்கள். இரண்டு மாடி நிறையக் காகிதம். மேல்மாடியில் ஆள் இருக்கிறார்கள் என்றார்கள். மிஷின் பெடலில் இருந்த டெய்லரம்மாவின் கால் நின்றுவிட்டது. ஓடிப்போய்ப் பார்க்கலாம். முடியவில்லை. துணியைப் பிடித்தபடி அப்படியே உட்கார்ந்திருந்தாள். எந்தக் கட்சி, எந்த மன்றம், எந்தப் பெரிய சாமர்த்தியம்? உள்ளே அவன் இருக்கிறான், கையில் ஹோஸ் இருக்கிறது, அதில் தண்ணீர் இருக்க வேண்டும். வேறு எதுவும் அவளுக்குத் தோன்றவில்லை.

இரண்டு மணி நேரம் கழித்து வாசலில் நிழல் விழுந்தது. முகமெல்லாம் கரி, உடம்பெல்லாம் ஈரம். நேராக உள்ளே வந்து ஸ்டூலில் உட்கார்ந்தான். அவள் ஓடிப்போய் அவன் கை, தோள், தலை எல்லாவற்றையும் தடவித் தடவிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை.

"நாலு பேர்க்கா. நாலு பேரையும் எறக்கிட்டோம்."

"தண்ணி?"

"நான் ஹோஸ எடுத்துக்கிட்டுப் படி ஏறும்போதே வால்வுக்காரர் மூடியத் தொறந்துட்டாரு. வண்டித் தண்ணி தீர்றதுக்கு முன்னாடியே தெருத்தண்ணி வந்திடுச்சு." சொட்டுச் சொட்டாகத் தரையில் தண்ணீர் விழுந்துகொண்டிருந்தது. "உள்ள நின்னு அடிச்சிக்கிட்டே இருந்தேன். தண்ணி நிக்கவே இல்ல. யார் தப்பு, எவன் தப்புன்னு ஒரு தடவகூட ஞாபகம் வரலக்கா."

டெய்லரம்மா உலர்ந்த துணி ஒன்றை எடுத்து அவன் தலையைத் துவட்ட ஆரம்பித்தாள்.

"அப்ப கோவம் போயிடுச்சாடா?"

"எங்க போச்சு? வெளிய வந்ததும் அதுவும் வந்திடுச்சு. அந்த ஹெட்மாஸ்டர் படத்த நிலையத்துல மாட்டியிருக்காங்க, பாத்தாலே பத்திக்கிட்டு வருது."

"அது வந்தா வரட்டும்டா," என்றாள், துவட்டுவதை நிறுத்தாமல். "நீ வந்துட்டல்ல."